பாட்டி வைத்தியத்துக்குச் சாட்சி எங்கே?

மரபு மருத்துவம் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் காப்புரிமை வாங்கிட்டான், நாமதான் போராடி மீட்டோம்." வாட்ஸ்அப்பில் வருகிறது, மேடையில் வருகிறது, பள்ளிக் கட்டுரைப் போட்டியில் வருகிறது. செய்தி பொய்யல்ல, ஆனால் பாதிதான். மஞ்சள் என்ற செடிக்கோ கிழங்குக்கோ யாரும் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியது வேறொன்றுக்கு. மீட்டதும் போராட்டத்தால் அல்ல, பழைய காகிதங்களால். இந்த இரண்டு விவரத்தையும் பிடித்துக்கொண்டால், இன்றும் ஓயாமல் நடக்கும் ஒரு பெரிய வழக்கின் உள்விவகாரம் புரிந்துவிடும்.

முதலில் காப்புரிமை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதன் செய்முறையை ஒளிக்காமல் எழுதி அரசிடம் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு அவருக்கு உரிமை தருகிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும், பயன்பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் காப்புரிமை கிடையாது. இன்னொன்றும் முக்கியம். ஒரு நாட்டின் காப்புரிமை அந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை வைத்துக்கொண்டு, காயத்தில் மஞ்சள் வைக்காதே என்று ஈரோட்டில் யாரையும் தடுக்க முடியாது. அடி விழுவது வேறு இடத்தில். புண்ணாற்றும் மருந்து என்று சொல்லி அமெரிக்கச் சந்தைக்கு மஞ்சள்தூள் அனுப்ப நினைக்கும் நம் ஊர்ச் சிறு உற்பத்தியாளரிடம், "இதற்கு நாங்கள் உரிமை வைத்திருக்கிறோம்" என்று ஒருவர் வழக்குப் போடலாம். சந்தை திறக்கும் நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நிற்பதுதான் ஆபத்து.

இப்போது அந்த மஞ்சள் காப்புரிமையையே எடுத்துப் படிப்போம். எண் 5,401,504. 1995 மார்ச் 28 அன்று மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொடுக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களாகப் பெயர் போட்டுக்கொண்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். ஆவணத்தில் மொத்தம் ஆறு உரிமைக்கோரிக்கைகள். முதல் கோரிக்கையின் சாரம் இதுதான்: காயம்பட்டவருக்குப் போதிய அளவு மஞ்சள்தூள் கொடுத்துக் காயத்தை ஆற்றும் முறை. அதன் பின் வருபவை அதன் கிளைகள்: உள்ளுக்குக் கொடுப்பது, மேலே பூசுவது, அறுவைக் காயத்துக்குப் பயன்படுத்துவது. புதிய சாறு இல்லை, பிரித்தெடுத்த வேதிப்பொருள் இல்லை, புதிய இயந்திரம் இல்லை. வெறும் மஞ்சள்தூள். இதைவிட வியப்பு, அதே ஆவணத்தின் முன்னுரைப் பகுதியில், சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் இந்தியாவில் மஞ்சள் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்டு வருகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படி இருந்தும் காப்புரிமை கிடைத்தது.

எப்படிக் கிடைத்தது? பரிசீலித்த அதிகாரி அறியாதவரோ விலை போனவரோ அல்ல. அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் கட்டமைப்பே அப்படி. ஒரு பொருள் பழையது என்று சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அது அமெரிக்காவுக்குள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லது பயன்பட்டிருக்க வேண்டும். இரண்டு, உலகின் ஏதாவதொரு மூலையில் அச்சில் வெளியாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் கோடிக்கணக்கானவர்கள் அன்றாடம் செய்வது கணக்கில் வராது. அச்சில் இருந்தால்தான் வரும். அந்த அச்சும் அதிகாரியின் தேடலில் அகப்பட வேண்டும். அவர் தேடியது ஆங்கில அறிவியல் இதழ்களிலும் பழைய காப்புரிமைகளிலும். அங்கே "மஞ்சள்தூள் காயத்தை ஆற்றும்" என்று யாரும் எழுதிவைத்திருப்பது அவர் கண்ணில் படவில்லை.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று எடுப்போம் அல்லவா, அதே கதைதான். ஊரே மூன்று தலைமுறையாகக் கூடி நெல்லடிக்கும் களமாக இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இல்லையென்றால் சான்றில் "வில்லங்கம் ஏதுமில்லை" என்றுதான் வரும். மஞ்சளுக்கு நேர்ந்ததும் அதுவே.

டாக்டர் ஆர்.ஏ. மஷேல்கர் அப்போது சிஎஸ்ஐஆர் என்னும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநர். 1996 அக்டோபரில் அந்த மன்றம், இந்தக் காப்புரிமையை மறுபடியும் பரிசீலியுங்கள் என்று அமெரிக்க அலுவலகத்தில் மனுக் கொடுத்தது. மறுபரிசீலனையில் முந்தைய காப்புரிமைகளையும் அச்சான எழுத்துகளையும் மட்டுமே ஆதாரமாக வைக்க முடியும். பத்து லட்சம் பாட்டிமார்கள் கையெழுத்திட்டு வாக்குமூலம் கொடுத்தாலும் எடுபடாது. எனவே சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களில் தேடினார்கள். 32 சான்றுகள் திரண்டன. சில நூறாண்டுக்கும் மேற்பட்டவை. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ல் வெளியான ஒரு கட்டுரையும் அவற்றில் ஒன்று. 1997 ஆகஸ்டில் ஆறு கோரிக்கைகளும் செல்லாது என்று அமெரிக்க அலுவலகம் முடிவு சொன்னது. 1998 ஏப்ரலில் அதற்கான சான்றும் வழங்கப்பட்டது. வளரும் நாடொன்று தன் மரபு அறிவைக் காட்டி அமெரிக்கக் காப்புரிமையை வீழ்த்திய முதல் நிகழ்ச்சி என்று இதைச் சொல்வார்கள்.

வேம்புக்கு நடந்தது வேறு மாதிரி. அதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து, வேப்பெண்ணெய்ச் சாற்றால் பயிர்களில் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994 செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. 1995-ல் எதிர்ப்பு மனுக் கொடுத்தவர்கள் மூன்று தரப்பு: வந்தனா சிவா நடத்திய ஆய்வு நிறுவனம், ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் குழுவின் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு. வழக்கு ம்யூனிக்கில் நடந்தது. ஐரோப்பியச் சட்டம் அமெரிக்கச் சட்டம் போன்றதல்ல. உலகில் எங்காவது, எழுத்தில் என்றாலும் பேச்சில் என்றாலும் செய்கையில் என்றாலும், முன்பே வெளிப்பட்டிருந்தால் அது புதியதல்ல. ஆகவே இங்கே சாட்சி சொல்ல ஆள் போகலாம். போனார்கள். மேற்கு இந்தியாவில் புனே, சாங்லி மாவட்டங்களில், 1985, 1986 கோடைக் காலங்களில், விவசாயிகளின் வயலிலேயே வேப்பெண்ணெய்ச் சாறு பூஞ்சைக்கு எதிராகப் பயன்பட்டதை அதில் நேரடியாக ஈடுபட்டவர் அங்கே போய் எடுத்துச் சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு செய்தார்கள். 2005 மார்ச் 8 அன்று அதுவும் தள்ளுபடியானது.

எதிர்ப்பு கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு காப்புரிமைக்கு இந்தப் பாடு. அந்த நிறுவனம் வேம்பு தொடர்பாக எடுத்த எல்லாக் காப்புரிமைகளும் விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் கெடாமல் நீண்ட நாள் இருக்கும்படி பக்குவம் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் கிடைத்த உரிமை நின்றது. அதில் நியாயமும் இருக்கிறது. நம் வேப்பங்கொட்டைக் கரைசலை அன்றன்றைக்கு அரைத்து அன்றன்றைக்குத் தெளிக்க வேண்டும். மாதக்கணக்கில் புட்டியில் வைத்துப் பயன்படுத்தும் முறை நம்மிடம் இருந்ததில்லை. வேம்பு நம்முடையது என்பதால் வேம்பைக் கொண்டு யாரும் புதிதாக எதையும் செய்துவிடக் கூடாது என்று வாதாடினால், நம் வாதத்தின் வலுவை நாமே குறைத்துக்கொள்கிறோம். கேள்வி ஒன்றே: அவர்கள் கோருவது முன்பே இருந்ததா, இல்லையா?

மஞ்சளும் வேம்பும் கற்றுத் தந்த பாடம் தில்லியில் ஒரு திட்டமாக உருவெடுத்தது. உரிமை கொடுத்த பிறகு ஓடுவதைவிட, கொடுக்கும் முன்பே அதிகாரியின் கையில் ஆதாரத்தை வைத்துவிட்டால் என்ன? 2001-ல் சிஎஸ்ஐஆரும், இன்று ஆயுஷ் அமைச்சகமாக வளர்ந்திருக்கும் அன்றைய இந்திய மருத்துவத் துறையும் சேர்ந்து மரபு அறிவு மின்னூலகத்தைத் தொடங்கின. டிகேடிஎல் என்பார்கள். ஆயுர்வேதம், சித்தம், யுனானி, சோவா ரிக்பா, யோகம் ஆகியவற்றின் நூல்களிலுள்ள மருந்து முறைகள் அதில் ஏறின. இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்ற ஐந்து மொழிகளில் அவற்றைப் படிக்கலாம்.

இதில் மொழிபெயர்ப்பு மட்டும் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நமக்குத் தெரிந்த நிலவேம்புக் குடிநீரையே எடுத்துக்கொள்வோம். டெங்கு பரவும் மழைக்காலங்களில் அரசு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்று குடிக்கிறோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள். சித்த மருத்துவருக்கு இந்தப் பெயர்களே போதும். ம்யூனிக்கில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் போதாது. அவருக்கு நிலவேம்பு என்றால் ஆண்ட்ரோகிராபிஸ் பேனிகுலேட்டா என்ற தாவரப் பெயர் வேண்டும். செடி முழுவதுமா, வேரா, பட்டையா என்று தெரிய வேண்டும். இடித்துச் சூரணமாக வைத்துக்கொண்டு நீர்விட்டுக் காய்ச்சி வற்றவைப்பது செய்முறை என்று வர வேண்டும். எந்த நோய்க்கு, என்ன அளவு, எந்த நூல், எப்போது வெளியானது என்பதெல்லாம் வேண்டும். "சுரம்" என்று நூலில் இருந்தால், அது இன்றைய மருத்துவத்தில் எதைக் குறிக்கும் என்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகக் காப்புரிமை அலுவலகங்கள் தேடுவதற்கு வைத்திருக்கும் வகைப்பாட்டு எண்ணோடு அது இணைய வேண்டும்.

இந்த வகைப்பாட்டு விஷயம் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் வழக்கின் உயிரே அங்குதான். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் முன்பு மூலிகை மருந்து முழுவதற்கும் ஒரே ஒரு சிறு பிரிவுதான் இருந்தது. இந்தியா தன் பக்கத்தில் மரபு மருந்துகளுக்கு ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் கொண்ட வகைப்பாட்டை உருவாக்கிக் காட்டியது. அந்த முயற்சியின் பயனாக, பன்னாட்டு வகைப்பாட்டிலேயே மூலிகைகளுக்கு இருநூறு போல உட்பிரிவுகள் வந்தன. தேடுபவர் கையில் அகப்படாத ஆதாரம் இருந்தும் இல்லாததுதான்.

சித்த நூல்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அவை பாட்டாக இருப்பவை. பரிபாஷையில் மறைத்துச் சொன்னவை பல. ஒரே செடிக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு செடி. ஏடு பார்த்து, பொருள் பிரித்து, செடியை அடையாளம் காட்ட, மருத்துவமும் தமிழும் தாவரவியலும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் குறைவு. தஞ்சை சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் இருக்கும் மருத்துவச் சுவடிகளை நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: படியெடுத்து, அச்சேற்றி, பொருள் சொல்லும் பணி பழம்பெருமைக்காகச் செய்வது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சட்டப் பாதுகாப்பு வேலை. அதற்கு ஒதுக்கும் பணம் அந்தக் கணக்கில் ஒதுக்கப்பட வேண்டும்.

மின்னூலகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நிலவேம்பே சாட்சி. பறவைக் காய்ச்சலுக்குப் புதினாவும் நிலவேம்பும் சேர்ந்த மருந்து என்று ஒரு சீன நிறுவனம் ஐரோப்பாவில் விண்ணப்பித்திருந்தது. உரிமை கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு அலுவலகம் 2010-ன் தொடக்கத்தில் வந்துவிட்டது. ஏப்ரலில் சிஎஸ்ஐஆர் ஆயுர்வேத, யுனானி நூல்களிலிருந்து ஆதாரங்களை அனுப்பியது. தொற்றுக் காய்ச்சல்களுக்கு இந்த இரண்டும் பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்ததை அவை காட்டின. ஜூனில் அந்த முடிவு ரத்தானது. வேம்புக்குப் பத்து ஆண்டு, நிலவேம்புக்குச் சில வாரம். ஆதாரம் ஒன்றும் புதிதாக முளைத்துவிடவில்லை. முன்பும் அதே நூல்கள் அதே அலமாரிகளில் இருந்தன. அதிகாரி படிக்கிற வடிவத்தில் இருந்ததுதான் வேறுபாடு.

ஐரோப்பிய அலுவலகம் 2009-ல் இந்த நூலகத்தைப் பார்க்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகள் தொடர்ந்து வந்தன. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், வெளியில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நூலகத்தின் ஆதாரத்தால் இருநூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் திரும்பப் பெறப்பட்டன, திருத்தப்பட்டன அல்லது நிராகரிக்கப்பட்டன. சாதிக்காய் சேர்ந்த வாய் கொப்பளிப்பு மருந்துக்கு ஒரு பன்னாட்டுப் பற்பசை நிறுவனம் போட்ட விண்ணப்பம் அவற்றில் ஒன்று.

குற்றம் எப்போதும் வெளிநாட்டில்தான் நடக்கிறது என்றும் எண்ண வேண்டாம். நாவல் முதலானவற்றைச் சேர்த்து நீரிழிவுக்கு ஒரு கலவை செய்த பெங்களூரு நிறுவனத்துக்கு நம் காப்புரிமை அலுவலகமே 2012-ல் உரிமை கொடுத்தது. நாவற்கொட்டையும் நீரிழிவும் என்றால் இந்தியாவில் யாருக்குத் தெரியாது? அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு, பொதுநலனுக்குக் கேடு என்று கண்டால் உரிமையை நீக்கலாம் என்ற 66-ஆம் பிரிவைக் கையில் எடுத்து அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. மரபு அறிவு, உயிரியல் பொருள் தொடர்பான விண்ணப்பங்களை எப்படிப் பரிசீலிப்பது என்று அதே ஆண்டின் இறுதியில் காப்புரிமை அலுவலகம் தன் அதிகாரிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம் சட்டத்தில் குறை இல்லை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002 திருத்தம் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. உண்மையில் மரபு அறிவாகவே இருப்பதோ, மரபில் தெரிந்த பொருள்களின் தெரிந்த குணங்களைச் சேர்த்துவைத்ததோ கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது எதிர்ப்பு மனுவுக்கான 25-ஆம் பிரிவு. இந்தியாவிலோ வேறெங்கோ உள்ள ஓர் உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடியிடமோ வாய்மொழியாக இருக்கும் அறிவும் எதிர்ப்புக்கு ஆதாரமாகும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. எழுதப்படாத அறிவைச் சட்டம் மதிக்கும் இடம் இது. அமெரிக்காவும் 2011-ல் சட்டத்தை மாற்றியது. 2013 மார்ச் முதல், எந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டில் இருந்தாலும் அது கணக்கில் வரும். இன்று யாராவது மஞ்சள்தூளுக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தால், சட்டப்படி நம் பாட்டிமாரின் அடுப்படியும் சான்றுதான். அந்த அடுப்படியை அதிகாரிக்குக் காட்டுவது எப்படி என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மின்னூலகத்தால் ஆகாத காரியமும் இங்கேதான் தொடங்குகிறது. அது எழுதிய நூல்களின் காவலன். நூலில் ஏறாத அறிவுக்கு அதில் இடம் மிகக் குறைவு. அது தடுக்கும், எதையும் பெற்றுத்தராது. திருடு போகாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த அறிவைக் காத்து வந்தவர் கையில் ஒரு ரூபாயும் வந்து சேராது. இந்த இடத்தில் காணிக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொதிகை மலையின் இரண்டு சரிவுகளிலும் காணிகள் வாழ்கிறார்கள். கிழக்கே நம் பாபநாசம் பக்கம், மேற்கே கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம். 1987 டிசம்பரில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் உள்ளிட்ட தாவர ஆய்வாளர்கள் அகத்திய மலைக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிகள் வழியெங்கும் ஒரு சிறு செடியின் காயை மென்றுகொண்டே நடந்தார்கள். ஆய்வாளர்கள் மூச்சு வாங்கியபோதும் அவர்களுக்குக் களைப்பில்லை. என்ன தின்கிறீர்கள் என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாளிடம் சொல்லக் கூடாத விஷயம் அது. நம்பிக்கை வந்த பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுவதும் பலன் பகிர்வுக்கு முன்மாதிரி என்று இது பேசப்பட்டது. 2002-ல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருதும் வந்தது.

முன்மாதிரிதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் முள்ளும் இருக்கிறது. ஆய்வாளர்களோடு பேசியது ஒரு பகுதிக் காணிகள். மற்றப் பகுதிக் காணிகளும், மருத்துவம் செய்யும் உரிமை வழிவழியாகத் தங்களுடையது என்று கருதிய பிலாத்திகளும் எங்களைக் கேட்காமல் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். காட்டுக்குள்ளிருந்து இலை பறிப்பதற்கு வனத்துறை தடை போட்டது. செடியும் தன் காட்டை விட்டு வெளியே அதே வீரியத்தோடு எளிதில் வளரும் செடியல்ல. அறிவு யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லும்போதே, அந்தச் சமூகத்துக்குள் யார் பேசுவது, செடி நிற்கும் காடு யாருடையது என்ற இரண்டு கேள்விகள் கூடவே வந்து நிற்கின்றன.

பலன் பகிர்வைச் சட்டமாக்கியது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம். அதை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. இந்திய உயிரியல் பொருளை வைத்து உலகில் எங்கு காப்புரிமை கேட்டாலும் ஆணையத்தின் கதவைத் தட்டியாக வேண்டும். 2023 திருத்தத்தின்படி வெளிநாட்டாருக்கு முன் அனுமதி வேண்டும். இந்தியர்கள் உரிமை கிடைப்பதற்கு முன் பதிவு செய்துகொண்டால் போதும். நூல்களில் ஏறிய மரபு அறிவைப் பயன்படுத்தும் உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பலன் பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கும் அந்தத் திருத்தம் கொடுத்தது. சிறு வைத்தியர்களுக்குத் தொல்லை குறையட்டும் என்பது காரணம். வைத்தியருக்கு விலக்கு நியாயம். பெரிய மருந்து நிறுவனமும் அதே வாசல் வழியாக வெளியேறிவிட முடிகிறது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பன்னாட்டளவில், 2024 மே 24 அன்று ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நாடுகள் ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்றன. மரபணு வளத்தையோ அதோடு ஒட்டிய மரபு அறிவையோ வைத்துக் காப்புரிமை கேட்பவர், அது எந்த நாட்டிலிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். 15 நாடுகள் உறுதி செய்தால் நடைமுறைக்கு வரும். பல் குறைந்த உடன்படிக்கைதான். ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தால் தவிர, சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுத்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசிப் பெற்றது. மூலம் எது என்று எழுதியே ஆக வேண்டும் என்றால், எங்கே தேடுவது என்பது அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் படிக்கும் ஒரு சித்த மருத்துவருக்கோ பரம்பரை வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கோ செய்ய என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிதோறும் இணையத்தில் இலவசமாக வருகிறது. விண்ணப்பம் போட்ட 18 மாதத்தில் அதன் விவரம் அதில் வெளியாகும். ஏதாவது மூலிகை விண்ணப்பம் கண்ணில் பட்டு, இது எங்கள் தாத்தா கொடுத்த மருந்தாயிற்றே என்று தோன்றினால், உரிமை கொடுக்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். அதற்கான படிவம் 7(ஏ). தமிழ்நாட்டிலிருந்து போகும் விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. முன்பு இந்த எதிர்ப்புக்குக் கட்டணமே இல்லை. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பின் கட்டணம் உண்டு, மனுவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும் செய்கிறார்கள். ஆகவே வெறும் ஆதங்கம் போதாது. எந்த நூலின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், என்ன ஆண்டு என்று வைக்க வேண்டும். நூலில் இல்லையென்றால் எந்த ஊரில், யார், எவ்வளவு காலமாகச் செய்கிறார்கள் என்று வாக்குமூலம் வைக்க வேண்டும். ஐரோப்பிய அலுவலகத்தில் வெளியான விண்ணப்பத்தைப் பற்றியும் யாரும் கட்டணமில்லாமல் கருத்து அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுதினாலே போதும்.

வீட்டோடு இருக்கும் மருந்தை வெளியில் எழுதுவதா, வேண்டாமா என்பதுதான் கடினமான முடிவு. எழுதி நாளோடு அச்சில் வெளியிட்டால், அந்த நாளுக்குப் பிறகு யாரும் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம். உங்களுக்கு ஒன்றும் வராது. எழுதாமல் வைத்தால் ரகசியம் உங்களுடையது. யாராவது தாமாகவோ உங்களிடம் கேட்டுத் தெரிந்தோ பதிவு செய்துவிட்டால், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பின்னுக்குக் கைமாற்ற ஆள் இல்லாமல் போனால் மருந்தே போய்விடும். நடுவில் ஒரு வழி உண்டு. ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ச் செடிகளும் அவை பற்றிய அறிவும் அதில் ஏற வேண்டும் என்பது சட்டம். சொல்பவர் கேட்டுக்கொண்டால் அந்தப் பகுதியை வெளியில் காட்டாமல் வைக்கலாம். பல ஊர்களில் இந்தப் பதிவேடு பக்கத்து ஊரின் செடிப் பட்டியலைப் பார்த்து நிரப்பியதாகவே இருக்கிறது. வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கு யாரும் போகவில்லை. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை எடுத்து வரச்சொல்லிக் கேட்கலாம். எந்த வைத்தியரைக் கேட்டு எழுதினார்கள், என்ன தேதியில் எழுதினார்கள், அவர் மறைத்து வைக்கச் சொன்னது மறைவாக இருக்கிறதா என்ற மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம்.